மீடியம் கெமிக்கல் பீல்: முதன்முறை செய்துகொள்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முகத்தில் அமிலம் தடவிப் பழைய தோலை உரியவைத்துப் புதுத் தோலை வரவைக்கும் சிகிச்சைதான் கெமிக்கல் பீல். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் செய்துகொண்டு அப்படியே வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்லப்படுவதற்கும் கெமிக்கல் பீல் என்றுதான் பெயர், ஒரு வாரம் பத்து நாள் வெளியில் தலைகாட்ட முடியாதபடி முகம் முழுக்கக் கறுத்து உரிந்து வருவதற்கும் அதே பெயர்தான். புதிதாக யோசிப்பவர்களுக்குக் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. இந்தக் கட்டுரை இரண்டாவது ரகத்தைப் பற்றியது. மிதமான ஆழம் வரை போகும் பீல், சுருக்கமாக மீடியம் பீல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமிலம் முகத்தில் படும் அந்த அரை மணி நேரம் டாக்டரின் கையில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஒரு மாதமும் பிந்தைய மூன்று மாதமும் உங்கள் கையில் இருக்கின்றன. பீல் நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் அந்த நான்கு மாதத்தையும் பொறுத்தது, ஆனால் எல்லோரும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள்.

ஆழம் என்று எதைச் சொல்கிறார்கள்

தோலில் மேலே இருப்பது மேல்தோல், அதற்குக் கீழே உள்தோல். லேசான பீல் மேல்தோலோடு நின்றுவிடும். மீடியம் பீல் மேல்தோலை முழுவதுமாக அழித்துவிட்டு உள்தோலின் மேற்பகுதி வரை இறங்கும். அங்கே ஒரு கட்டுப்படுத்தப்பட்ட காயத்தை உண்டாக்குகிறோம், உடம்பு அதை ஆற்றும்போது புது மேல்தோலும், கீழே தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனும் புதிதாக உருவாகின்றன, அதுதான் மொத்த வைத்தியமும். ஆழமான பீல் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு, பீனாலும் குரோட்டன் எண்ணெயும் கலந்து செய்வது. பீனால் இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கலாம் என்பதால் ஈசிஜி மானிட்டர் மாட்டிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. இங்கே அதற்குள் போகவில்லை.

மீடியம் பீலில் முக்கிய ஆள் டிசிஏ என்கிற ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம், வழக்கமாக 35 சதவீதம். இதைத் தனியாகவும் போடுவார்கள். ஆனால் முதலில் ஜெஸ்னர் கரைசலையோ 70 சதவீத கிளைகாலிக் அமிலத்தையோ தடவி மேல்தோலைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அதன்மேல் டிசிஏ போடுவது பரவலான முறை. ஜெஸ்னர் என்பது ரிசார்சினால், சாலிசிலிக் அமிலம், லாக்டிக் அமிலம் மூன்றும் தலா 14 கிராம் எடுத்து ஆல்கஹாலில் கரைத்து 100 மில்லி ஆக்கியது. இரண்டை ஏன் சேர்க்க வேண்டும் என்றால், 50 சதவீத டிசிஏவைத் தனியாகப் போட்டால் தழும்பு விழும் ஆபத்து கூடிவிடுகிறது. முதலில் ஒன்றைத் தடவி வழி திறந்துவிட்டால் 35 சதவீதமே போதிய ஆழத்துக்கு, முக்கியமாக எல்லா இடத்திலும் சீராக, இறங்கிவிடும்.

பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதம் மட்டும் ஆழத்தைச் சொல்லாது, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பூச்சு, எவ்வளவு அழுத்தித் தேய்க்கிறார்கள், தோலில் எண்ணெய்ப் பசை எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அந்த இடத்துத் தோல் தடிப்பா மெல்லிசா, முந்தைய வாரங்களில் என்ன கிரீம் போட்டிருந்தீர்கள் என்று எல்லாம் சேர்ந்துதான் ஆழம். ஒரே 35 சதவீதம் ஒருவர் கையில் லேசான பீலாகவும் இன்னொருவர் கையில் தழும்பாகவும் முடியலாம்.

முதல் படி: உங்களுக்கு இது தேவையா

வெயிலால் பழுதான தோலுக்கு மீடியம் பீல் நன்றாக வேலை செய்யும். சொரசொரப்பு, மெல்லிய சுருக்கங்கள், வயதால் வரும் பழுப்புப் புள்ளிகள், வெயில் பட்டுப் பட்டுத் தடித்துச் செதிலாகும் ஆக்டினிக் கெரட்டோசிஸ், ஆழமில்லாத பருத் தழும்பு, இவற்றுக்கெல்லாம் பலன் உண்டு. தொங்கும் தோலை இது தூக்கிவிடாது. சிரித்தால் விழும் ஆழமான கோடுகள் போகாது. ஊசியால் குத்தியது மாதிரி குறுகலாக ஆழமாக இறங்கும் பருக்குழிகளும் போகாது, அவற்றுக்கு அந்தக் குழிக்குள் மட்டும் அடர்த்தியான டிசிஏவைக் குச்சி நுனியால் தொட்டு வைக்கும் முறை தனியாக இருக்கிறது. இதில் எது உங்கள் பிரச்சினை என்று தெரியாமல் பீலுக்குத் தேதி வாங்காதீர்கள்.

அடுத்து நிறம். இந்த விஷயத்தில்தான் நான் கறாராக இருப்பேன். தோல் வெயிலில் எப்படிச் சிவக்கிறது, எப்படிக் கறுக்கிறது என்பதை வைத்து ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் தொடங்கிய ஒரு வகைப்பாட்டை டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள், இப்போது அதில் ஆறு வகை. ஒன்று, இரண்டு என்பவை மிக வெளிறிய தோல். நான்கு முதல் ஆறு வரை மாநிறமும் கறுப்பும். மீடியம் பீல் மிகவும் பாதுகாப்பாக அமைவது முதல் இரண்டு வகையில்தான். மாநிறத் தோலில் நிறமிச் செல்கள் எந்தக் காயத்துக்கும் வேகமாக எதிர்வினை காட்டும். சின்னப் பரு போனாலே கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும் அல்லவா, முகம் முழுக்க ஒரு காயத்தை நாமே உண்டாக்கும்போது அதே வேலை முகம் முழுக்க நடக்கலாம். அமிலம் அதிகம் இறங்கிய இடத்தில் நிறமே போய் வெளுத்து நின்றுவிடுவதும் உண்டு, கறுப்பைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம், வெளுப்பைச் சரிசெய்வது ரொம்பக் கடினம்.

அதனால் உங்கள் தோல் மாநிறமோ கறுப்போ என்றால், பிரச்சினையும் மங்கு அல்லது பரு விட்டுப்போன கருமை என்றால், மீடியம் பீலில் தொடங்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். சில வார இடைவெளியில் தொடர்ச்சியாகச் செய்யும் லேசான பீல்களும் கிரீம்களும் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் தவறு நடந்தாலும் திரும்பி வர வழி இருக்கும். மங்கு ஆழத்தில் இருந்தால் பலமான பீல் அதை இன்னும் மோசமாக்கலாம். அப்படியும் டாக்டர் மீடியம்தான் வேண்டும் என்றால் "லேசானது ஏன் எனக்குப் போதாது?" என்று நேராகக் கேளுங்கள். ஒரே தடவையில் முடிந்துவிடும் என்பது மட்டுமே பதில் என்றால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

யாருக்கு ஆகாது என்பதைக் காரணத்தோடு தெரிந்துகொண்டால் மறக்காது. மேல்தோல் முழுதாகப் போனபின் புதுத் தோல் எங்கிருந்து வருகிறது? உள்தோலில் புதைந்திருக்கும் மயிர்க்கால்களிலிருந்தும் எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்தும் செல்கள் மேலே ஏறி வந்து பரவுகின்றன. அவை குறைந்த இடத்தில் புண் ஆறத் தாமதமாகும், தாமதமானால் தழும்பு. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தச் சுரப்பிகள் சுருங்கியிருக்கும், அதனால் மாத்திரையை நிறுத்தி ஆறு மாதமாவது போகட்டும் என்பது மீடியம் பீலுக்கு வழக்கமான கணக்கு. முகத்தில் கதிரியக்கச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மயிர்க்கால்களே அழிந்திருக்கலாம். கழுத்திலும் இவை இயல்பாகவே குறைவு, எனவே முகத்துக்குப் போடும் அதே பலத்தில் கழுத்துக்கும் போட்டுவிடுங்கள் என்று கேட்காதீர்கள், யாராவது தாங்களாகவே போட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இவை தவிர, காயம் பட்டால் தழும்பு புடைத்து வளரும் கீலாய்டு உடம்புக்காரர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், முகத்தில் இப்போது பரவும் தொற்றோ ஆறாத புண்ணோ இருப்பவர்கள், சமீபத்தில் முகத்தில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் தள்ளிப்போட வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள், அது நிறமியைத் தூண்டக்கூடியது. புகைப்பவர்களுக்குப் புண் ஆறுவது மெதுவாகும், அதையும் மறைக்க வேண்டாம்.

இரண்டாம் படி: யாரிடம் செய்வது

தோல் மருத்துவரிடம், அல்லது இதில் பழக்கமுள்ள பிளாஸ்டிக் சர்ஜனிடம். அழகு நிலையத்தில் வேண்டாம், வீட்டில் வேண்டவே வேண்டாம். கிளைகாலிக் அமிலம் அதிகமாகிவிட்டால் சோடா உப்புக் கரைசலை ஊற்றி நிறுத்தலாம். டிசிஏ அப்படிக் கேட்காது. தோலில் இறங்கும்போது அங்கிருக்கும் புரதங்களோடு சேர்ந்து தானாகவே தீர்ந்துபோகும், அதற்குள் அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டிருக்கும், தண்ணீர் ஊற்றினாலும் சோடா உப்பு போட்டாலும் இறங்கியது இறங்கியதுதான். ஆக, தடவுபவரின் கண்ணும் கையும் தவிர இதற்கு வேறு பிரேக் இல்லை. இணையத்தில் டிசிஏ பாட்டில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்கிற நிலை இருப்பதால்தான், மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் பலமான பீல்களை வாங்கவோ போட்டுக்கொள்ளவோ வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் எச்சரிக்கை விட்டது.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை: எந்த அமிலம், எத்தனை சதவீதம், அதற்கு முன் வேறு ஏதாவது தடவுவீர்களா? என் நிறத்தில் இருப்பவர்களுக்கு இதைச் செய்திருக்கிறீர்களா, அவர்களின் முன்-பின் படங்களைப் பார்க்கலாமா? காதுக்கு முன்னாலோ மயிர்க்கோட்டுக்கு ஓரமாகவோ சின்ன இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முழு முகத்துக்குப் போகலாமா? தடவுவது நீங்களா உதவியாளரா? வீட்டுக்குப் போனபின் ராத்திரியில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் வராத இடத்தில் செய்துகொள்ள வேண்டாம்.

சின்ன இடத்துப் பரிசோதனை நன்றாக வந்துவிட்டால் முழு முகமும் அப்படியே வரும் என்று உத்தரவாதம் இல்லை. மாநிறத் தோலுக்கு நான் அதைக் கேட்டு வாங்கச் சொல்வேன், சில வாரம் காத்திருந்து அந்த இடம் கறுக்கிறதா என்று பார்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

மூன்றாம் படி: தோலைத் தயார் செய்வது

இதற்குப் பிரைமிங் என்று பெயர். இரண்டு முதல் ஆறு வாரம் வரை போகும். ட்ரெட்டினாயின் கிரீம் ராத்திரியில், மேலே இறந்த செல்கள் அடுக்கை மெலிதாக்கி அமிலம் சீராக இறங்குவதற்காக. ஆறுவதையும் இது வேகப்படுத்தும். கறுக்கும் தோலென்றால் ஹைட்ரோகுயினோன், நிறமிச் செல்களை முன்கூட்டியே அடக்கி வைக்க. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அசலாயிக் அமிலமோ கோஜிக் அமிலமோ. இவற்றை நீங்களாக வாங்கிப் போடாமல் டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் போடுங்கள். பீலுக்குச் சில நாள் முன்னால் ட்ரெட்டினாயினை நிறுத்தச் சொல்வார்கள், அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு நிறுத்துங்கள். தோல் எரிச்சலோடு சிவந்து இருக்கும்போது அமிலம் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போய்விடும்.

சன்ஸ்கிரீன் தினமும், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல். பிரைமிங் காலம் உங்களுக்கே ஒரு பரீட்சை. ஒரு மாதம் காலையில் ஒழுங்காக சன்ஸ்கிரீன் பூசி வெயில் படாமல் இருக்க உங்களால் முடியவில்லை என்றால், வேலையோ சூழ்நிலையோ விடவில்லை என்றால், பீலுக்குப் பிறகும் முடியாது. அப்போது பீலைத் தள்ளிப்போடுவது நல்லது.

உதட்டோரம் கொப்புளமாக வந்து புண்ணாகும் ஹெர்பிஸ் எப்போதாவது வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அந்த வைரஸ் நரம்பில் தூங்கிக்கொண்டிருக்கும், பீலின் காயம் அதை எழுப்பிவிடும், தோலே இல்லாத முகத்தில் அது பரவினால் தழும்பில் முடியலாம். வந்ததாக நினைவே இல்லாதவர்களுக்கும் பல டாக்டர்கள் அசைக்ளோவிர் அல்லது வாலசைக்ளோவிர் மாத்திரையை முந்தின நாளோ அதே நாளோ தொடங்கி, புதுத் தோல் மூடும்வரை, 10 முதல் 14 நாள் கொடுப்பார்கள். எழுதித் தரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

கடைசி ஒரு வாரம் பத்து நாள் ஸ்க்ரப், த்ரெடிங், வாக்சிங், ப்ளீச் எதுவும் முகத்தில் வேண்டாம். விசேஷம், பயணம், முக்கியமான சந்திப்பு எதுவும் அடுத்த இரண்டு வாரத்தில் இல்லாதபடி தேதியைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காம் படி: அன்றைக்கு என்ன நடக்கும்

முகத்தைக் கழுவிவிட்டு, மேக்கப்பும் கிரீமும் இல்லாமல், கான்டாக்ட் லென்ஸ் இல்லாமல், முன்பக்கம் பட்டன் உள்ள சட்டையில் போங்கள், திரும்பி வந்து தலை வழியாகச் சட்டையைக் கழற்றுவது கஷ்டம். திரும்பக் கூட்டிவர ஆள் இருக்கட்டும், வலிக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை கொடுத்திருந்தால் நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது.

எல்லாக் கோணத்திலும் படம் எடுப்பார்கள், ஒப்புதல் படிவம் கொடுப்பார்கள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு தலையை உயர்த்திச் சாய்வாக உட்கார வைத்து, அசிட்டோனோ ஆல்கஹாலோ தொட்ட காஸ் துணியால் முகத்தை அழுத்தித் துடைப்பார்கள். எண்ணெய்ப் பசை போகிறவரை துடைக்க வேண்டும். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் இந்த வேலையை யாராவது அவசரமாக முடித்தால்தான் கவலைப்பட வேண்டும். எண்ணெய் மிச்சம் இருந்த இடத்தில் அமிலம் இறங்காமல் திட்டுத்திட்டாக விளைவு வரும். கண்ணின் வெளி ஓரம், மூக்கு மடிப்பு, வாயோரம் ஆகிய இடங்களில் அமிலம் தேங்காமல் இருக்க வாசலின் பூசுவார்கள்.

நெற்றியில் தொடங்கி, கன்னம், மூக்கு, தாடை என்று போய், உதட்டைச் சுற்றியும் கண்ணிமையிலும் கடைசியாகத் தடவுவார்கள். அந்த நேரம் கண்ணை மூடியபடியே இருங்கள். கண்ணீர் வந்தால் கையைக் கொண்டுபோகாதீர்கள், அதை ஒற்றி எடுக்கவென்றே உதவியாளர் உலர்ந்த பஞ்சுக் குச்சியோடு நிற்பார். வழியும் கண்ணீர் அமிலத்தையும் சேர்த்துக் கழுத்துக்கு இறக்கிவிடும், அல்லது கண்ணுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும்.

முதலில் சூடு, பிறகு எரிச்சல், ஒன்றிரண்டு நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். மின்விசிறியை முகத்துக்கு நேரே வைப்பார்கள், அது நிஜமாகவே உதவும். இதற்குள் தடவிய இடம் வெளுக்கத் தொடங்கும். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுத்து இறுகுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான், புரதம் உறைகிறது. இந்த வெளுப்பை ஃப்ராஸ்ட் என்பார்கள். டாக்டர் அடுத்த பூச்சு வேண்டுமா என்று முடிவு செய்வது இதை வைத்துத்தான். சிவப்பின் மேல் அங்கங்கே நூல் நூலாக வெள்ளை என்றால் முதல் நிலை. முழுக்க வெள்ளை படிந்து அடியில் சிவப்பு தெரிந்தால் இரண்டாம் நிலை. அடிச் சிவப்பே தெரியாமல் கெட்டி வெள்ளையானால் மூன்றாம் நிலை. மீடியம் பீல் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க வேண்டும். கண்ணிமை, கன்னத்து எலும்பு, தாடை எலும்பு மேல் இரண்டைத் தாண்டக் கூடாது, அங்கெல்லாம் தழும்பு சுலபமாக விழும்.

நல்ல கைக்காரர் ஒரு பூச்சு போட்டுவிட்டு மூன்று நான்கு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். ஃப்ராஸ்ட் முழுதாக எழும்ப நேரம் எடுக்கும், பொறுக்காமல் அதன்மேலேயே இன்னொரு பூச்சு போட்டால் ஆழம் கைமீறிவிடும். வெளுத்து முடிந்த இடத்தில் எரிச்சல் தானாகவே அடங்கிவிடும். கடைசியில் குளிர்ந்த சலைன் நனைத்த துணிகளை முகத்தில் போடுவார்கள், ஆறுதலுக்காகத்தான், அமிலத்தை நிறுத்த இல்லை. ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வெளுப்பு போய், வெயிலில் கடுமையாகக் கன்றிய முகம் மாதிரி சிவந்துவிடும்.

ஐந்தாம் படி: முதல் பத்து நாள்

முதல் இரண்டு நாள் வீக்கம். கண்ணைச் சுற்றிப் போட்டிருந்தால் காலையில் எழும்போது இமை திறக்கவே சிரமமாக இருக்கலாம், பயப்பட வேண்டாம். தலையணையை உயர்த்தி மல்லாந்து படுங்கள். முகம் இறுகிக்கொண்டே வரும், நிறம் பழுப்பாகி, முன்பு புள்ளிகள் இருந்த இடங்கள் இன்னும் கறுத்துத் தெரியும். முன்னைவிட மோசமாகிவிட்டதே என்று பலரும் நொந்துபோவது இந்த நாட்களில்தான். அது உதிரப்போகும் பழைய தோல், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் வாக்கில் வாயோரத்தில் முதல் வெடிப்பு வரும். பேசவும் மெல்லவும் அதிகம் அசையும் இடம் அது. காய்ந்து பழுப்பான தோலின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் கொஞ்சம் தெரியும், விரல் தானாகவே அங்கே போகும். தொடாதீர்கள். கீழே இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதை இழுத்தால் புதுத் தோலும் சேர்ந்து கிழியும், அந்த இடம் கறுத்தோ தழும்பாகவோ நின்றுவிடும். தொங்குவது ரொம்பவே தொந்தரவு செய்தால் சுத்தமான சின்னக் கத்தரியால் தொங்கும் பகுதியை மட்டும் வெட்டிவிடலாம். வாயிலிருந்து கன்னம், பிறகு நெற்றி, தாடை ஓரம் என்று உரிதல் வெளியே நகரும், ஏழு முதல் பத்து நாளில் புதுத் தோல் முழுதும் மூடிவிடும்.

தினசரி வேலை எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். சோப்பு இல்லாத மென்மையான க்ளென்சரும் வெதுவெதுப்பான தண்ணீரும், விரல் நுனியால் மட்டும், துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சில டாக்டர்கள் அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, துணியில் நனைத்து, நாளுக்கு நான்கு தடவை முகத்தில் போட்டு எடுக்கச் சொல்வார்கள், கிருமி வளராமலும் செதில் இளகவும் உதவும். உங்களுக்குச் சொன்னால் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு தடவை கழுவியதும் வாசலின் மாதிரி சாதாரணப் பெட்ரோலியம் ஜெல்லி. முகம் காயவே கூடாது, ஈரமாக வைத்த புண் சீக்கிரம் ஆறும். வீட்டில் இருக்கும் ஆன்டிபயாடிக் ஆயின்ட்மென்டைச் சேர்த்துப் பூசலாமே என்று தோன்றும், அவற்றில் நியோமைசின் போன்றவை பச்சைத் தோலில் அலர்ஜி உண்டாக்கலாம், டாக்டர் சொல்லாமல் வேண்டாம். மஞ்சள், கற்றாழை, தேன் எதுவும் வேண்டாம். வியர்க்கும் உடற்பயிற்சி, சூடான ஆவி, ஷவரின் நேரடி வீச்சு, இவற்றையும் இந்த நாட்களில் தவிருங்கள். ஆண்கள் தோல் மூடும்வரை சவரம் செய்ய வேண்டாம்.

சன்ஸ்கிரீன் எப்போது என்று எல்லோரும் கேட்பார்கள். திறந்த புண்ணில் இல்லை, தோல் மூடிய பிறகு. அதுவரை வீட்டுக்குள்ளேயே இருங்கள், ஜன்னலோர வெயிலும் வேண்டாம்.

உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய அறிகுறிகள்

நாள் ஆக ஆக வலி குறைய வேண்டும். குறைந்திருந்த வலி திடீரென்று கூடினால் அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஹெர்பிஸ் இங்கே வழக்கமான கொப்புளமாக வராது, கொப்புளம் எழுப்ப மேல்தோலே இல்லை அல்லவா, வலியோடு கூடிய சின்னச் சின்ன வட்டப் புண்களாகத் தெரியும். மஞ்சளோ பச்சையோ கசிவு, தேன் நிறத்தில் பொருக்கு, கெட்ட வாடை, காய்ச்சல், இவை பாக்டீரியாத் தொற்றைக் காட்டும். பத்து நாள் தாண்டியும் ஏதாவது ஓர் இடம் மூடாமல் இருப்பதும் இந்தப் பட்டியலில் சேரும். படம் எடுத்து அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்காமல் நேரில் போய்க் காட்டுங்கள்.

தழும்பு திடீரென்று வராது. மற்ற இடமெல்லாம் வெளிறி வரும்போது ஒரு திட்டு மட்டும் கடும் சிவப்பாக நின்று, அரித்து, தொட்டால் கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தால் அதுதான் ஆரம்பம். வாயைச் சுற்றியும் தாடை ஓரத்திலும் அதிகம் கவனியுங்கள். இந்தக் கட்டத்தில் ஸ்டீராய்டு கிரீமோ ஊசியோ போட்டால் பெரும்பாலும் அடக்கிவிடலாம், சிவப்பு தானாகப் போகும் என்று ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

ஆறாம் படி: அடுத்த மூன்று மாதம்

தோல் மூடியபின் முகம் இளஞ்சிவப்பாக இருக்கும், இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூட. பத்து நாளுக்குப் பின் மேக்கப் போடலாம், பச்சைச் சாயல் உள்ள கன்சீலர் சிவப்பை நன்றாக மறைக்கும். வாசலினிலிருந்து லேசான மாய்ஸ்சரைசருக்கு மாறுங்கள். சின்ன வெள்ளை மணிகள் மாதிரி மிலியா வரலாம், பரு எட்டிப் பார்க்கலாம், இரண்டும் சரியாகக்கூடியவை, பிதுக்காதீர்கள்.

சன்ஸ்கிரீனில் துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டையாக்சைடோ இருப்பது எரியாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும், கூடவே தொப்பி, குடை. கருமை பெரும்பாலும் பீல் ஆறிய உடனே வராது, எல்லாம் நன்றாக ஆகிவிட்டது என்று சன்ஸ்கிரீனில் அசட்டையாகும் இரண்டாம் மாதத்தில் எட்டிப் பார்க்கும். லேசாகக் கறுக்கத் தொடங்கியதுமே போய்க் காட்டினால் ஹைட்ரோகுயினோனை மறுபடி தொடங்கி அடக்கிவிடுவார்கள். ட்ரெட்டினாயினை டாக்டர் சொன்ன பிறகே தொடுங்கள், சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

புதுக் கொலாஜன் மாதக்கணக்கில் உருவாகிறது. நிறமும் சொரசொரப்பும் முதல் மாதத்திலேயே தெளிந்துவிடும், மெல்லிய சுருக்கங்களில் வரும் மாற்றத்துக்கு மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். டாக்டர் எடுத்த முதல் நாள் படங்களை ஆறாம் மாதம் கேட்டு வாங்கி, அதே வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு வைத்துப் பாருங்கள், கண்ணாடியை நம்ப வேண்டாம். இன்னொரு மீடியம் பீல் வேண்டுமா என்பதை அப்போதுதான் பேச வேண்டும், ஆறு மாதத்துக்கு முன் அந்தப் பேச்சே கூடாது, பலருக்கு ஒரு வருடமாவது இடைவெளி விடுவார்கள். இடையில் பராமரிப்புக்கு ட்ரெட்டினாயினும் சன்ஸ்கிரீனும் போதும், டாக்டர் சரி என்றால் எப்போதாவது ஒரு லேசான பீல்.